கிளட்ச் வாத்தியார் வீட்டு வாசல்

கேட்டை விரியத் திறந்து வைத்த பிறகுதான் கிளட்ச் வாத்தியார் அதைப் பார்த்தார். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை அளவெடுத்துத் தைத்த மாதிரி, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஆள் இல்லை. முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக மஞ்சள் விளக்குகள் மட்டும் ஓயாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தன.

"வந்துட்டான்," என்றார் வாத்தியார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"வேற யாரு? வெளியூர்க்காரன்."

கரையான், பல்வலி, ஒழுகுகிற கூரை என்று சொல்லும்போது மற்றவர்கள் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போயிற்று அவர் முகம்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அழகான ஏரி ஒன்றைக் கொடுத்த கடவுள், அதைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள் என்பதை அந்த ஊர்க்காரர்களின் பொறுமைக்கே விட்டுவிட்டார். சீசன் தொடங்கிவிட்டால் மருந்துக் கடை வாசலில் கார், பள்ளிக்கூட வாசலில் வேன், பால் வண்டி திரும்புகிற முனையில் பஸ். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "லைட் போட்டிருக்கேனே!"

"லைட் போட்டா?" என்று வாத்தியார் பொங்குவார். "அது என்ன சாமி முன்னாடி ஏத்தற விளக்கா, செஞ்ச பாவமெல்லாம் போயிடறதுக்கு? இவங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்த புண்ணியவான் எவன்னு தெரியலை. அவனை முதல்ல பிடிச்சு உள்ள தள்ளணும்."

இதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த ஊரின் ஒரே டிரைவிங் ஸ்கூல் அவருடையது. வீடே பள்ளிக்கூடம்; இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு பழைய நீலக் கார்தான் வகுப்பறை. "கிளட்ச், கிளட்ச்" என்று வாய் ஓயாமல் சொன்னதால் ஊர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. நடுங்கிக்கொண்டு வருகிற மாணவர்களிடம் அவர் பேசுவதைக் கேட்டால் தாலாட்டுப் போல இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரே ஒருத்தியைத் தவிர. அது அவர் மனைவி.

அவளுக்கு இன்று பத்து மணிக்கு ஓட்டுநர் தேர்வு. மூன்றாவது தடவை. முதல் தடவை மைதானத்தில் குறுக்கே போன நாய்க்காக வண்டியை நிறுத்தி, அது திரும்பி வந்தாலும் வரும் என்று காத்திருந்தாள். இரண்டாம் தடவை மைதானத்துக்கு வெளியே நின்றுகொண்டு வாத்தியார் "கிளட்ச்! கிளட்ச்!" என்று போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்து, காலி பீப்பாய் ஒன்றை முட்டிவிட்டாள். "அம்மா ஃபெயில் ஆகலைங்க. வெளிய நின்ன உங்க வீட்டுக்காரர்தான் ஃபெயில்," என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

அவளுக்கு லைசென்ஸ் என்பது பெருமைக்கு வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தனியாகக் கிடந்தாள். சீசனில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. வாத்தியாருக்கோ காலை முதல் மாலை வரை வகுப்பு. போன வாரம் அக்கா போனில், "நீ வர வேண்டாம்டி, கஷ்டப்படாதே," என்று சொன்னபோது, அந்தக் குரலே இவளை இரண்டு நாள் தூங்க விடவில்லை. இன்றைக்கு விட்டால் சீசன் முடிகிற வரை தேர்வும் கிடையாது. ஏனென்றால் நாளை முதல் தேர்வு மைதானத்தையே சுற்றுலாப் பஸ்கள் நிறுத்தக் கொடுத்துவிட்டார்கள்.

அதை நினைத்தபோது வாத்தியாருக்கு இன்னொரு தடவை ரத்தம் தலைக்கேறிற்று.

"அந்தப் போர்டு வெச்சும் புத்தி இல்லை பாரு!"

கேட்டுக்கு மேலே தொங்கிய பலகையைத்தான் சொன்னார். போன சீசனில், பொறுக்க முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியின் பெயர்ப் பலகையையே கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் சிவப்பு பெயின்டில் எழுதியிருந்தார்: 'இது மனிதர்கள் வாழும் வீட்டின் வாசல். அறிவுள்ளவர்கள் இங்கே வண்டி நிறுத்த மாட்டார்கள்.' நீளமான வாசகம். ஓடுகிற வண்டியிலிருந்து படித்து முடிக்க முடியாது. ஆகவே வருகிறவர்கள் நிறுத்திப் படித்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இறங்கி, பலகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

"திருப்பி மாட்டினா ஸ்கூல் பேரு தெரியலையே," என்று அப்போதே மனைவி சொன்னாள்.

"உள்ளூர்க்காரனுக்கு என்னைத் தெரியும். வெளியூர்க்காரனுக்குத் தெரிஞ்சு என்ன ஆகணும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மனைவி இப்போது வெளியே வந்து வெள்ளைக் காரைப் பார்த்தாள். "அவசரமா வந்திருப்பாங்க போல. ஜன்னலைக்கூட முழுசா ஏத்தலை. வந்துடுவாங்க."

"நீ ஏறி உட்காரு. ஹாரன் அடிச்சா அலறிக்கிட்டு வருவான் பாரு."

நீலக் காரை வாசல் வரை கொண்டுவந்து ஹாரனில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன. வெள்ளைக் கார்க்காரர் வரவில்லை. பதிலாக ஒரு சிவப்புக் கார் வந்து, வெள்ளைக் காரை ஒட்டி நின்றது. கண்ணாடியை இறக்கி ஓர் இளைஞர் தலையை நீட்டினார்.

"சார், எடுக்கறீங்களா?"

"எதை?"

"உங்க வண்டியை. நீங்க வெளிய போனதும் அந்த இடத்துல நாங்க போட்டுக்கறோம்."

"இது என் வீடுய்யா!"

"பரவாயில்லை சார், நிதானமா எடுங்க. நாங்க வெயிட் பண்றோம்." இளைஞர் பெருந்தன்மையோடு விளக்குகளைக் கண்ணடிக்க விட்டு, இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். இப்போது வாசலோடு தெருவும் அடைபட்டது.

"ஹாரன் அடிக்காம இருந்திருந்தா ஒரு வண்டிதான்," என்றாள் மனைவி மெதுவாக.

"நீ பேசாம இரு. நான் ஏரிப் பக்கம் போய் அந்த வெள்ளைக் கார்க்காரனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

"காதைப் பிடிக்காதீங்க. 'அவசரமா போகணும், கொஞ்சம் எடுத்துக்கங்க'ன்னு கேளுங்க. போதும்."

வாத்தியார் கிளம்பினார். தேர்வு நாள் என்பதால் காக்கிச் சட்டை போட்டிருந்தார். பையில் பேனா, கழுத்தில் விசில். வண்டியைப் பின்னால் எடுக்கப் பழக்கும்போது ஊதுகிற விசில் அது. இந்தக் கோலத்தில் சீசன் நாளில் ஏரிக்கரைக்குப் போகக் கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

தெரு முனையை அடைந்தபோது, பச்சைக் கார் ஒன்று நட்ட நடுவில் நின்றது. குடை பிடித்த ஓர் அம்மாள் இறங்கி, வாத்தியாரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அப்பாடா! ஏம்பா பார்க்கிங், நல்ல நிழலாப் பார்த்துப் போடு. கதவுல கீறல் விழுந்தா நீதான் பொறுப்பு."

வாத்தியாருக்குக் கோபத்தில் வாய் அடைத்துப்போயிற்று. அது திறப்பதற்குள் சாவி அவர் கையில் இருந்தது. குடை படகுத் துறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பச்சைக் கார் நின்ற இடத்தில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது. மோசமாக நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியுமா? ஏறி உட்கார்ந்தார். பேக்கரிச் சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே, யாரும் கனவிலும் நினைக்காத இடத்தில், ஒரே திருப்பில் கொண்டுபோய்ச் செருகினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் சாவிகளை நீட்டினார்கள்.

"நான் பார்க்கிங் ஆள் இல்லைங்க!"

"தெரியும் சார், நீங்கதான் சூப்பர்வைசர்," என்றார் ஒருவர், இன்னொரு சாவியை அவர் சட்டைப் பையில் போட்டபடி.

அவர் வீடு திரும்பியபோது முதுகோடு சட்டை ஒட்டியிருந்தது. பையில் சாவிகள் குலுங்கின. வெள்ளைக் கார்க்காரர் மட்டும் கிடைக்கவில்லை. வாசலில் வெள்ளைக் கார் அதே இடத்தில் கண்ணடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கார் இளைஞர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் மனைவியும் அடுத்த வீட்டு லாண்டரிக்காரரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

லாண்டரிக்காரருக்கும் வெளியூர் வண்டிகளைக் கண்டால் ஆகாது. ஆனால் அவர் வழி வேறு. யார் எதற்கு வழி கேட்டாலும் மலை மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

"இன்னைக்குக் காலையிலகூட ஒருத்தன் குடும்பத்தோட வந்து என்னமோ கேட்டான், அண்ணி. முழுசாக்கூடக் கேட்கலை. தொட்டிக்குப் போன்னு கையைக் காட்டிட்டேன். ஏறி இறங்கட்டும், உடம்புக்கு நல்லது."

"ஐயோ, பாவம் அண்ணே."

"என்ன பாவம்? நம்மளைப் பார்த்து எவன் பாவப்படறான்?" வாத்தியாரைக் கண்டதும் குரலை உயர்த்தினார். "வாத்தியாரே, அண்ணி நல்ல யோசனை சொல்றாங்க. வேலியில ரெண்டு கட்டையைக் கழற்றிட்டா உங்க வண்டி என் கொல்லைக்குள்ள வந்துடும். என் பின்கேட்டு வழியாப் பின்சந்துல இறங்கிடலாம்."

"துணியெல்லாம் காயுதே?"

"லாட்ஜ் விரிப்புதான். ஒரு ஓரமா தள்ளி விடறேன்."

கட்டைகள் கழன்றன. மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் ஓட்டறேன், நீ தள்ளி உட்காரு," என்றார் வாத்தியார்.

"எனக்குத்தான் பரீட்சை. கை பழகட்டும். நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. ஒரு உதவி பண்ணுங்க, கத்தாதீங்க."

"நான் எங்க கத்தறேன்?" என்று கத்தினார்.

வண்டி நகர்ந்தது. வேலியைத் தாண்டியது. முதல் கொடியை அழகாகத் தாண்டியது. இரண்டாவது கொடியை லாண்டரிக்காரர் தள்ளிக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்தது. ஈர விரிப்பு ஒன்று எழுந்து, படுக்கையில் விரிப்பதைப் போல முன் கண்ணாடி முழுக்கப் பரவிப் படுத்துக்கொண்டது.

"பிரேக்! இல்லை, கிளட்ச்! ரெண்டும்!"

"எது முதல்ல?"

"அண்ணி! நிறுத்துங்க! இப்பத்தான் துவைச்சுப் போட்டது!"

நீலக் கார் கொடியையும், கொடியிலிருந்த தலையணை உறைகளையும், ஒரு சமையல்காரர் தொப்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்கேட்டு வழியாகச் சந்தில் இறங்கியது. அங்கே நின்றிருந்த ஒரு வெளியூர்க் குடும்பம், "ஏதோ ஊர்வலம் போல," என்று மகிழ்ந்து படம் எடுத்தது. வாத்தியார் இறங்கி விரிப்பை உருவினார். லாண்டரிக்காரர் ஓடிவந்து அதை வாங்கி, அதில் பதிந்த டயர் தடத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"சாயங்காலம் நானே துவைச்சுத் தர்றேன் அண்ணே," என்றாள் மனைவி ஜன்னல் வழியாக.

"நீங்க முதல்ல பாஸ் பண்ணிட்டு வாங்க, அண்ணி," என்றார் அவர், மனிதர் மனம் எப்போதும் நல்லதுதான் என்பதைக் காட்டுகிற குரலில். வாத்தியாரைப் பார்த்து மட்டும் பல்லைக் கடித்தார்.

பின்சந்து ஒற்றை வண்டி போகிற அளவுதான். ஏற்றம் வேறு. உள்ளூர்க்காரர்கள் மட்டும் அறிந்த ரகசியப் பாதை அது என்பது வாத்தியார் நம்பிக்கை. அந்த நம்பிக்கை சந்தின் பாதி வரை நிலைத்தது. மேலேயிருந்து ஒரு பெரிய வேன், கைபேசி சொன்ன குறுக்கு வழியை நம்பி, இரண்டு சுவர்களையும் உரசாத குறையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜன்னல்தோறும் தலைகள். உள்ளே பாட்டு.

மனைவி பிரேக்கை மிதித்தாள். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் ஒரு ஜீப் வந்து சேர்ந்தது. வேன் ஹாரன் அடித்தது. ஜீப்புக்குப் பின்னால் வந்தவர்களும் அடித்தார்கள். வேன் டிரைவர் தலையை நீட்டி, "ஓட்டத் தெரியலைன்னா வீட்டுல உட்கார வேண்டியதுதானே!" என்றார்.

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். வேன்காரனைத் திட்டுவதா, மனைவியைத் திட்டுவதா என்று ஒரு கணம் தடுமாறி, பக்கத்தில் இருப்பவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. தனக்காக வேண்டிக்கொள்ளவில்லை; "அக்கா, அக்கா," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திறந்த வாயை வாத்தியார் மூடினார். மீண்டும் திறந்தபோது வேறு குரல் வந்தது. ஊரார் பிள்ளைகளுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் இத்தனை வருஷம் கொடுத்த அந்தக் குரல்.

"இங்க பாருங்கம்மா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'வாங்க போங்க' என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணும் ஆகலை. வண்டி நின்னா நின்னதுதான். பதட்டமா இருந்தா ரெண்டு பக்க லைட்டையும் போட்டுட்டு அப்படியே நில்லுங்க. எதிர்ல வர்றவன் நிப்பான், பின்னாடி வர்றவன் காத்திருப்பான். உலகம் ஒண்ணும் முழுகிடாது. மூச்சை இழுத்து விடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

இந்த மந்திரத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. நாக்கு தானாகச் சொல்லிற்று. அவள் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் கண்ணடித்தன. ஹாரன்கள் அலறின. அவள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டாள். சாவியைத் திருப்பினாள். கைப் பிரேக்கை விட்டு, கண்ணாடியைப் பார்த்து, கால் அங்குலம் கால் அங்குலமாக வண்டியைப் பின்னால் எடுத்து, சுவர் உள்வாங்கி மாட்டுத் தொழுவ வாசல் போல இருந்த ஓர் இடத்துக்குள் மெல்ல நுழைத்து நிறுத்தினாள். வாத்தியாரின் கால் அவர் பக்கத்துப் பிரேக் மீது ஒரு தடவைகூடப் படவில்லை.

ஜீப்பும் அதன் பின்னால் வந்தவையும் சந்து முனை வரை பின்வாங்கிக்கொள்ள, வேன் உரசாமல் இறங்கிப் போயிற்று. உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திக் கை தட்டினார்கள்.

"இதை முதல் தடவையே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். சந்து முனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஏறி வந்த இன்ஸ்பெக்டர்! கையில் தொப்பி, நெற்றியில் வியர்வை.

"எங்க, மைதானத்துக்கா? அங்க போகாதீங்க. பஸ்ஸுங்க ஒரு நாள் முன்னாடியே வந்து நின்னுடுச்சு. நான் ஏரியைச் சுத்தி இந்த வழியா ஆபீஸுக்குத் திரும்பிட்டிருக்கேன்."

வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அப்போ பரீட்சை?"

இன்ஸ்பெக்டர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். "அதான் ரோடு இருக்கே. ஏரியை ஒரு சுத்து சுத்துங்கம்மா. வாத்தியாரே, நீங்க வாயைத் திறந்தா இறக்கி விட்டுடுவேன்."

வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. படகுத் துறையில் ஒரு குடை வண்டியை மறித்து, "ஏம்பா பார்க்கிங், எங்க வண்டி எங்கே?" என்று கேட்டபோதும் திறக்கவில்லை. பேசாமல் பையிலிருந்த சாவிகளை எல்லாம் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்து, பேக்கரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த வேலையும் பார்க்கறீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லது. சீசன்ல தேவைதான்."

ஏரியைச் சுற்றி முடித்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாஸ். அந்தச் சந்துலயே பாஸ். சும்மா காத்து வாங்கலாமேன்னுதான் சுத்தச் சொன்னேன்."

மனைவி வண்டியை ஓரமாக, விதிப்படி நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வர்றேன்க்கா. நானே ஓட்டிட்டு வர்றேன். இல்லை, அவர் வரலை. நான் மட்டும்."

இவ்வளவு நல்லது நடந்த நாளில் மனிதர் கோபம் அடங்கியிருக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்ததும் அது பழையபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது. சிவப்புக் கார் போய்விட்டிருந்தது. வெள்ளைக் கார் அதே இடத்தில் இருந்தது. அதன் விளக்குகள் இப்போது கண்ணடிக்கவில்லை. தூக்கம் வந்த குழந்தை கண்ணைச் சொருகுவது போல மங்கி மங்கி, வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தன.

"பேட்டரி காலி!" என்றார் வாத்தியார் பரவசத்தோடு. "நல்லா வேணும். இனிமே ஆண்டவனே வந்தாலும் இந்த வண்டி நகராது."

"அப்போ நம்ம வாசலும் திறக்காது," என்றாள் மனைவி.

அதை அவர் யோசிக்கவில்லை.

"போய் நம்ம பேட்டரி ஒயரை எடுத்துட்டு வாங்க. அவங்க வந்ததும் ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துடலாம்."

"நானா? இவனுக்கா?"

"இவர் வாசலை அடைக்கலைன்னா நான் பின்சந்துக்கே போயிருக்க மாட்டேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்திருக்கவும் மாட்டார். யார் மூலமா யாருக்கு நல்லது வருதுன்னு நமக்கு என்னங்க தெரியும்? எடுத்துட்டு வாங்க."

வாத்தியார் ஒயரை எடுத்து வந்தார். ஆனால் சும்மா எடுத்து வரவில்லை. இத்தனை சீசனாக மனதுக்குள் செதுக்கி வைத்திருந்த பேச்சு முழுவதையும், ஒரு சொல் விடாமல், நாக்கு நுனிக்குக் கொண்டுவந்திருந்தார்.

மலைப் பக்கமிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். கையில் ஒரு பழக்கூடை, இடுப்பில் தூங்கும் குழந்தை, பாதமெல்லாம் புழுதி. வெள்ளைக் காரைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்து அதன் மீது சாய்ந்துகொண்டாள்.

"உங்க வண்டியாம்மா?" என்றார் வாத்தியார்.

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க. ஒரே நிமிஷம்னுதான் நிறுத்தினார். அவர் பின்னாடி வர்றார், கால் சுளுக்கிடுச்சு."

மனைவி போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாத்தியார் அசரவில்லை.

"ஒரே நிமிஷமா? காலையிலேர்ந்து என் வாசல்ல ஒரே நிமிஷமா? ஒரு வீடும்மா இது! உள்ள மனுஷங்க இருக்கோம், எங்களுக்கும் அவசரம்னு ஒண்ணு இருக்கு! லைட்டைப் போட்டுட்டா நடு வாசல்ல நிறுத்தலாம்னு உங்க வீட்டுக்காரருக்கு எவன்ம்மா சொல்லிக் கொடுத்தான்? எவன் அந்தப் புண்ணியவான்? அவனை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துங்க, நான் கேட்கறேன்!"

அந்தப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வராத குறையாக அவரைப் பார்த்தாள்.

"அவரைத் தேடித்தாங்க நாங்களும் காலையிலேர்ந்து அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் அலைஞ்சிட்டு வர்றோம்! கல்யாணத்துக்கு முன்னாடி இவர் இந்த ஊர்ல வேலை பார்த்தப்ப அவர்கிட்டதான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டாராம். 'பதட்டமா இருந்தா ரெண்டு பக்க லைட்டையும் போட்டுட்டு அப்படியே நில்லுங்க, உலகம் ஒண்ணும் முழுகிடாது'ன்னு அவர் சொன்னதை இன்னைக்கும் வேதமா வெச்சிருக்கார். ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னா, இந்தத் தெருவுல இருந்த போர்டையே காணோம். உங்களுக்காவது தெரியுமாங்க, கிளட்ச் வாத்தியார்னு ஒருத்தரை?"